முப்பத்தாறு பேரும் ஒரு தாழ்ப்பாளும்

“தானா எழுந்தவங்க கையைத் தூக்குங்க.”

பதினொரு கைகள் எழுகின்றன. டீச்சர் அவற்றைச் சும்மா கண்ணால் எண்ணுவதில்லை. சாக்பீஸ் முனையால் காற்றைக் குத்திக் குத்தித்தான் எண்ணுவார். கரும்பலகையில் 11/36 என்று எழுதுகிறார். “அம்மா எழுப்பி எழுந்தவங்க?” என்று அடுத்த கேள்வி. முதல் பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம் வருகிறது: “அப்பா எழுப்பினா டீச்சர்?” அப்பாவையும் அம்மா கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. இருபத்தேழு கைகள். இரண்டையும் சதவீதமாக்கச் சொன்னதும் ஆறாம் வகுப்பு மொத்தமும் குனிந்து பென்சிலைக் கடிக்கிறது. ஒன்று முப்பது புள்ளி ஆறு, இன்னொன்று எழுபத்தைந்து. கூட்டினால் நூற்று ஐந்து புள்ளி ஆறு.

“நூறு பேர் உட்கார வேண்டிய இடத்துல நூத்தஞ்சு பேரும் ஒரு அரை ஆளும் உட்கார்ந்திருக்கோம். யாருப்பா அந்த அரை ஆளு?” என்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்கிறார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் நெளிந்துகொண்டே எழுகிறான். “டீச்சர், நான் தானாத்தான் எழுந்தேன். அப்புறம் திரும்பப் படுத்துட்டேன். அம்மா வந்து எழுப்பினாங்க. அதான் ரெண்டுக்கும் தூக்கினேன்.” பக்கத்தில் இருப்பவனுக்கும் அதே கதைதான். வேறு யாராவதாக இருந்தால் இரண்டு பேரையும் ஒரு அதட்டு அதட்டி உட்கார வைத்திருப்பார்கள். இவரோ மகிழ்ந்து போகிறார். “ரெண்டு தடவை எழுந்தவங்க” என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து எண்ணுகிறார். ஒன்பது, இருபத்தைந்து, இரண்டு. சதவீதமாக்கிக் கூட்டினால் அச்சாக நூறு. அந்த நூறைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் வருகைப் பதிவையே எடுக்கிறார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கைதூக்கி டீச்சர். ஆசிரியர் அறையில் சர்வே டீச்சர். இரண்டுமே அவர் காதுக்கு எட்டியிருக்கின்றன. ஒரு நாள், “என்னைக் கைதூக்கின்னு கூப்பிடறவங்க எத்தனை பேர், கையைத் தூக்குங்க” என்று அதையே சர்வேயாக்கி, வந்த பின்னத்தைச் சுருக்கவும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் யாருக்கும் பெரிய சுவாரசியம் இருக்கவில்லை.

வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். ஒல்லியான உருவம், ஓட்டமும் நடையும். தச்சர் பென்சிலைச் செருகுவதைப் போல வலது காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அதோடேயே பஸ் ஏறுவார், அதோடேயே காய்கறிக் கடையில் நிற்பார். பஸ்ஸில் சும்மா வர மாட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவர்கள் எத்தனை பேர், போனைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று விரலை நீட்டி எண்ணுவார். ஒரு தடவை, “என்னம்மா என்னையே காட்டறீங்க?” என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். “உங்களைத் தனியா காட்டலைங்க, நீங்க ஜன்னல் பக்கத்து ஆறு பேர்ல ஒருத்தர்” என்று இவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். பெரியவர் சமாதானம் ஆனதாகத் தகவல் இல்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர், மகன், இவர் என்று மூன்றே பேர். ராத்திரிக்கு என்ன சமைப்பது என்பதற்குக்கூட வாக்கெடுப்பு உண்டு. மூன்றில் இரண்டு என்றால் அறுபத்தாறு புள்ளி ஆறு ஆறு ஆறு என்று போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? “இது முடியறதுக்குள்ள எனக்குப் பசி உயிர் போயிடும். ரெண்டு பேருன்னு சொல்லு, போதும்” என்பார் கணவர். அவர் கடை கடையாக ஏறி பிஸ்கட் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மனைவியின் கணக்குப் பைத்தியத்துக்குப் பழகிப்போனவர்.

சர்வே பைத்தியம் இவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரையும் போலப் புத்தகத்தைத்தான் நடத்தினார். பிள்ளைகள் தசமப் புள்ளியை இரண்டு இடம் நகர்த்தப் பழகினார்கள். எதற்கு நகர்த்துகிறோம் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தினால் மதிப்பெண் வரும் என்பதுதான் அவர்கள் கேள்வி. அது அவருக்குப் பொறுக்கவில்லை. “உன் கையே உள்ள இருக்கிற கணக்குன்னா தப்பு வந்தா உனக்கே தெரியும்” என்பது அவர் கட்சி. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் வகுக்கச் சுலபம் என்று மற்றவர்கள் ஏங்குவார்கள். இவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு என்று அடங்காத எண்கள்தான் பிடிக்கும். ஒருவன் வரவில்லை என்றால் பின்னத்தின் அடியில் முப்பத்தைந்து வந்தாக வேண்டும். “வராதவனை எண்ணினா, வந்தவன் பங்கைத் திருடின மாதிரி” என்பார்.

இந்த வருடம் அப்படி ஒரு வாரம் முழுக்க அடியில் முப்பத்தைந்தே நின்றது. வராதவள் ‘ஆனா’. அது அவளுக்கு வகுப்பு வைத்த பெயர். அவள் வாயைத் திறந்தால் முதல் சொல் அதுதான். “ஆனா டீச்சர், அப்படின்னா பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம்?” “ஆனா டீச்சர், நேத்து வேற மாதிரி சொன்னீங்க.” வாயாடி என்று மற்ற ஆசிரியைகள் அலுத்துக்கொள்வார்கள். கணக்கு வகுப்பில் அவளுக்கு ராஜ மரியாதை. அப்படிப்பட்டவளுக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பள்ளியில் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையா என்று டாக்டர் சத்தம் போட்டதாக, தையல் கடை வைத்திருக்கும் அவள் அம்மா போனில் சொல்லி அழுதார். போனை வைத்த பிறகு டீச்சருக்கு அன்றைக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

ஆனா திரும்பி வந்த அன்று, அடியில் மறுபடி முப்பத்தாறு வந்தது. அன்றைய கேள்வி வேறு எதுவாக இருக்க முடியும்?

“பள்ளிக்கூடத்துல இருக்கும்போது நல்லாத் தண்ணி குடிக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

அத்தனை கைகளும் சடாரென்று எழுந்தன, ஒன்றைத் தவிர. முப்பத்தைந்தை முப்பத்தாறால் வகுத்தார்கள். தொண்ணூற்று ஏழு புள்ளி இரண்டு சதவீதம். டீச்சருக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. இந்த ஒரு பெண்தான் பழக்கம் கெட்டுப் போயிருக்கிறாள், அவளைத் திருத்திவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டார். எத்தனை வருடமாகக் கை எண்ணுகிறவர், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் கேள்விக்கு எல்லாக் கைகளும் எழும் என்பதை அன்றைக்குக் கோட்டை விட்டார்.

“ஆனா டீச்சர்,” என்று எழுந்தாள் அவள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் குரல் மட்டும் இளைக்கவில்லை. “கையைப் பாக்காதீங்க. சாயங்காலம் பாட்டிலைப் பாருங்க.”

டீச்சர் பார்த்தார். சாயங்காலக் கடைசி வகுப்பில் அறிவியல் கூடத்திலிருந்து அளவுக் குவளையைக் கடன் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். ஒவ்வொருவர் பாட்டிலிலும் மிச்சம் எவ்வளவு என்று ஊற்றி அளந்து, திரும்ப ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருவனுடையது ஒரு லிட்டர், இன்னொருத்தியுடையது முக்கால் லிட்டர், வேறொருவன் கொண்டு வந்தது ஏதோ பழச்சாறு வாங்கின அரை லிட்டர் பாட்டில். பின்னம், தசமம் எல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றன. பையன்கள் பத்தொன்பது பேர் கொண்டு வந்தது மொத்தம் பதினாறு லிட்டர், மிச்சம் இரண்டு. பெண்கள் பதினேழு பேர் கொண்டு வந்தது பதினான்கரை லிட்டர். மிச்சம் பதின்மூன்று புள்ளி பூஜ்யம் ஐந்து.

ஆள் கணக்கு வேறு, லிட்டர் கணக்கு வேறு, இதை எப்படி ஒப்பிடுவது? அதற்குத்தானே சதவீதம் என்று ஒன்று பிறந்தது? பையன்கள் பக்கம் பன்னிரண்டரை சதவீதம் வீட்டுக்குத் திரும்புகிறது. பெண்கள் பக்கம் தொண்ணூறு. அந்தத் தொண்ணூறை எழுதிய கை பலகையிலேயே நின்றுவிட்டது.

பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். “ஏம்மா?” என்று கேட்டார். பதினேழு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். வழக்கம்போல ஆனாதான் வாயைத் திறந்தாள்.

“டாய்லெட் கதவுல தாழ்ப்பாள் இல்ல டீச்சர். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கணும். மைதானத்துக்குப் போற பசங்க எல்லாம் அந்த வழியாத்தான் போவாங்க. சில பேர் வேணும்னே இழுப்பாங்க. அதுக்குத் தண்ணியே குடிக்காம இருந்துடலாம்.”

“நான் வீட்டுல போய்த்தான் குடிப்பேன்” என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். “நான் வாய் மட்டும் கொப்புளிப்பேன்” என்றாள் இன்னொருத்தி. சொல்லச் சொல்ல எல்லோருக்கும் தைரியம் வந்தது.

“ஆனா டீச்சர், உங்க பாட்டில்?”

டீச்சர் கைப்பையைத் திறந்தார். காலையில் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர், கழுத்து வரை அப்படியே இருந்தது. தாகமே எடுக்காத உடம்பு என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவர் அவர். ஆசிரியைகளுக்கும் அந்த வரிசையில் ஒரு கதவுதான். அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. எந்த வருடம் தாகம் எடுப்பது நின்றது என்று யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் எண்ணினவர் தன்னை எண்ணவே இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கோபம், அது அன்றைக்கு முழுக்க அடங்கவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையிலும் அதே கேள்வியைக் கேட்டார். ஆசிரியைகள் ஐந்து பேர். பள்ளியில் தண்ணீர் குடிப்பவர்கள் பூஜ்யம். இதைக் கேட்டுக்கொண்டே விளையாட்டு ஆசிரியர் ஒரு முழு சொம்பையும் அண்ணாந்து குடித்து முடித்தார்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. பயந்தவர். மேலிடத்துக் கடிதத்தைக்கூட இரண்டு கையாலும் வாங்குகிறவர். டீச்சர் சதவீதங்களோடு போய் நின்றதும் அவருக்கு வியர்த்தது.

“கதவு இருக்கில்ல டீச்சர்?”

“கதவு இருக்கு சார். தாழ்ப்பாள் இல்லை.”

“புது டாய்லெட் பிளாக்குக்கு எழுதிப் போட்டிருக்கு. இப்போ பழைய கதவுல கை வச்சோம்னா, அதான் பழுது பாத்தாச்சேன்னு புதுசை நிறுத்திடுவாங்க. நான் ஏதோ வேணும்னு செய்யற மாதிரி பாக்காதீங்க.”

“புதுசு எப்ப வரும் சார்?”

“வரும்.”

“வர்ற வரைக்கும் பொண்ணுங்க தண்ணி குடிக்காம இருக்கணுமா சார்?”

அவர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் தள்ளி வைத்தார், திரும்ப எடுத்து வைத்தார். “இதெல்லாம் கணக்குப் பாடத்துல வருதா? பிடிச்ச பழம், பிடிச்ச நிறம், பிடிச்ச விளையாட்டு. புத்தகத்துல போட்டிருக்கிறதைக் கேளுங்க. அதோட நிறுத்திக்கணும். இல்லேன்னா சர்வேயே வேண்டாம்.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தார் டீச்சர். அவர் சரி என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அவரோடு வேலை பார்க்காதவர்கள்.

அந்தச் சனிக்கிழமை கணவரையும் ஒரு திருப்புளியையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். இரும்புத் தாழ்ப்பாள், எட்டுத் திருகாணி, எல்லாம் சொந்தச் செலவு. கணவர் முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்தார். திருகாணி எந்த எதிர்ப்பும் இல்லாமல் கேக்கில் இறங்குகிற மாதிரி மரத்தில் இறங்கியது. “மரம் போயிடுச்சும்மா. உள்ள வெறும் தூள்தான். கதவு, நிலை ரெண்டையும் மாத்தினாத்தான் உண்டு” என்றார். இருந்தாலும் போட்டுத்தான் பார்ப்பேன் என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார். போட்டார்கள். திங்கள் தாங்கியது, செவ்வாய் தாங்கியது. புதன்கிழமை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே இருக்கும்போதே தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். நல்லது செய்யப் போய் இன்னொரு பெண்ணை அழ வைத்துவிட்டோமே என்று டீச்சர் நொந்துகொண்டார். ஆனால் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் தலைமையாசிரியரின் உத்தரவு எழுத்துப் பிசகாமல் நடந்தது. பிடித்த பழம் கேட்டார். ஆப்பிள், வாழை, திராட்சை, ஆரஞ்சு. பிடித்த நிறம் கேட்டார். நீலம் ஐம்பது சதவீதம். பிடித்த விளையாட்டு கேட்டார். பிறகு பிடிக்காத பழம், பிடிக்காத நிறம். பிள்ளைகளுக்கே சலித்துவிட்டது. “பழமெல்லாம் தீந்து போச்சு டீச்சர்” என்றான் அந்தக் கடைசி பெஞ்சுக்காரன். “பொறு, பொறு” என்றார் டீச்சர்.

அவர் பொறுத்திருந்தது பெற்றோர் கூட்டத்துக்கு. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம், ஒவ்வொரு வகுப்பும் தங்கள் பாடத்திலிருந்து ஏதாவது காட்சிக்கு வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியரே சுற்றறிக்கை விட்டிருந்தார். டீச்சர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மிகப் பணிவாகக் கேட்டார்.

“அளவைகள் பாடத்துல லிட்டர் வருது சார். பிள்ளைங்க தினமும் கையில வச்சிருக்கிற பொருளைக் கொண்டே அளக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அவங்க தண்ணி பாட்டிலை வைக்கலாமா?”

“பாட்டில்தானே? தாராளமா வைங்க” என்றார் அவர், வேறு எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

கூட்டத்தன்று வகுப்பறையில் இரண்டு மேஜைகள். ஒன்றில் பையன்களின் பாட்டில்கள், இன்னொன்றில் பெண்களின் பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய ஒரு அட்டை. மிச்சமிருக்கும் தண்ணீரைப் பின்னமாகவும் தசமமாகவும் சதவீதமாகவும் அந்தந்தப் பிள்ளையே எழுதியிருந்தது. சுவரில் பழப் படம், நிறப் படம் எல்லாம் அழகாக ஒட்டியிருந்தார்கள். டீச்சர் எதையும் விளக்கவில்லை. காதில் சாக்பீஸோடு ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டார்.

பெற்றோர்கள் முதலில் பழங்களைப் பார்த்தார்கள். அப்புறம் மேஜைகளுக்கு வந்தார்கள். ஒரு மேஜையில் காலி பாட்டில்களாக நிற்க, இன்னொன்றில் எல்லாம் தளும்பிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு அம்மா தன் மகளின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். “காலையில நான் புடிச்சுக் கொடுத்தது அப்படியே இருக்கே. ஏண்டி, குடிக்கவே இல்லையா?” என்றார். மகள் காலால் தரையைத் தேய்த்தாள். இன்னொரு அம்மாவும் தன் வீட்டுப் பாட்டிலைத் தேடி எடுத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் அவரவர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார்கள். தையல் கடை அம்மா மட்டும் எதையும் தேடவில்லை. அவருக்குக் காரணம் தெரியும். “வாங்க, நான் காட்டறேன்” என்று முன்னால் நடந்தார்.

ஏழெட்டு அம்மாக்கள் தாழ்வாரத்தின் கடைசி வரை போனார்கள். என்ன ஏது என்று புரியாமல் தலைமையாசிரியரும் பின்னாலேயே வந்து, ஓர் எல்லைக்கு மேல் வர முடியாமல் தூண் அருகில் நின்றார். அம்மாக்களில் நல்ல வாட்டசாட்டமான ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். கதவு தானாகத் திறந்து திறந்து வந்தது. வேறு வழியில்லாமல், அதுவரை முகம்கூடத் தெரியாத பக்கத்து அம்மாவிடம், “கொஞ்சம் இதைப் பிடிச்சுக்குங்க” என்றார். சொன்ன பிறகுதான் தன் மகள் தினமும் யாரிடமாவது இதைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள் என்பது அவருக்கு உறைத்தது. வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. நேராகத் தூணுக்கு வந்தார்.

“சார், இதை மாத்த மாட்டீங்களா?”

“புது பிளாக்குக்கு எழுதியிருக்கும்மா...”

“அது வர்றப்ப வரட்டும். நாளைக்கு என் பொண்ணு எங்க போவா? அதை மட்டும் சொல்லுங்க.”

அம்மாக்கள் யாரும் சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை. தலைமையாசிரியர் எழுத்தரைக் கூப்பிட்டுத் தச்சருக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு டீச்சரிடம் தாழ்ந்த குரலில், “புது பிளாக் வராம போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது” என்றார்.

“கேக்க மாட்டேன் சார். பிள்ளைங்ககிட்ட கேப்பேன்” என்றார் டீச்சர். தலைமையாசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் கதவுகளும் நிலைகளும் மாறின. தடித்த இரும்புத் தாழ்ப்பாள், தள்ளினால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கனமாக விழுந்தது. பெண்கள் ஒருநாள் முழுக்க அதைத் திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஐந்து நாள் பொறுத்தார். பிறகு அளவுக் குவளையை எடுத்து வந்தார். தொண்ணூறாக இருந்த மிச்சம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அவருக்கு ஒரே ஆவல். முப்பது? நாற்பது?

எண்பத்து நான்கு.

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்மா, கதவு வந்தாச்சு, தாழ்ப்பாள் வந்தாச்சு. இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க? நான் வந்து ஊட்டி விடணுமா?”

ஆனாகூடக் கொஞ்ச நேரம் தயங்கினாள். அவள் தயங்கி டீச்சர் பார்த்ததே இல்லை.

“ஆனா டீச்சர், இடைவேளையில எல்லாரும் வரிசையில நிப்பாங்க. அதுக்குள்ள மணி அடிச்சிடும். பாடம் நடக்கும்போது எழுந்து கேட்டா, எங்க போறோம்னு எல்லாருக்கும் தெரியும். பசங்க சிரிப்பாங்க. டீச்சருங்க யாராவது அப்படிப் போறாங்களா? பெரியவங்களே அடக்கிக்கிட்டுத்தானே இருக்காங்க?”

டீச்சர் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் வகுப்பின் நடுவே ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. அதுவும் அவர் பெருமைகளில் ஒன்றாக இருந்தது. குவளையைத் துடைத்து அறிவியல் கூடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. கணவரும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடைத்ததைச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் முதல் வகுப்பு. வழக்கமான கேள்வி எதுவும் கேட்காமல், கைப்பையிலிருந்து தன் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். மூடியைத் திருகிக் கால் பாகம் குடித்தார். “மிச்சம்?” என்றார். “முக்கால். பூஜ்யம் புள்ளி ஏழு ஐந்து. எழுபத்தைந்து சதவீதம்” என்றது வகுப்பு. பாடம் நடந்தது. ஒரு கணக்கு போடுவார், கொஞ்சம் குடிப்பார், மிச்சம் கேட்பார். இரண்டில் ஒன்று. எட்டில் மூன்று. பழகாத உடம்பு திணறியது, மூச்சு வாங்கியது, இருந்தும் விடவில்லை. பாட்டில் காலியானபோது பிள்ளைகள் “பூஜ்யம்” என்று சேர்ந்து சொன்னார்கள். அதற்குப் பிறகும் அவர் நின்று இரண்டு பின்னங்களைச் சுருக்கிக் காட்டினார். மூன்றாவதைப் பாதி எழுதும்போது நிறுத்தினார்.

சாக்பீஸைக் காதில் செருகாமல் மேஜை மேல் வைத்தார். “மீதியை நீங்களே போட்டு வைங்க. நான் போயிட்டு வர்றேன்” என்று முழு வகுப்புக்கும் கேட்கும்படி சொன்னார்.

பின்பக்கமாகச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு. அவர் அதில் போகவில்லை. ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் தாண்டி, தாழ்வாரத்தின் நட்ட நடுவில், அவசரமில்லாமல் நடந்தார். பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைமையாசிரியர் தன் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்ன டீச்சர், கிளாஸ் நடுவுல எங்க போறீங்க?”

“தண்ணி குடிச்சேன் சார்” என்றார் டீச்சர், நிற்காமல். அவர் உள்ளே போனதும் தாழ்ப்பாளைத் தள்ளிய சத்தம் ஆறாம் வகுப்பு வரை கேட்டது.